சோப்புக் கட்டியும் ஆய்லரின் கணக்கும்

துணி துவைக்கும் புதுச் சோப்புக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தட்டையான பரப்புகளை முகங்கள் என்கிறோம். இரு முகங்கள் கூடும் கோடு விளிம்பு. விளிம்புகள் வந்து சேரும் புள்ளி முனை. பாடநூல்கள் இதை உச்சி என்றும் கூறும். திருப்பித் திருப்பி எண்ணினால் முகங்கள் 6, விளிம்புகள் 12, முனைகள் 8.

விளிம்புகளை எண்ணும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். எண்ணியதையே மறுபடி எண்ணிவிடுகிறார்கள். இதற்கு எளிய வழி உண்டு. ஒரு முகத்திற்கு 4 ஓரங்கள். ஆறு முகங்களுக்கு 24. ஆனால் ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பொது. ஆகவே 24-இல் பாதி, 12.

இனி, கத்தியால் ஒரே ஒரு முனையை மட்டும் சிறிதாகச் சீவி எடுங்கள். (வீட்டில் திட்டு விழுந்தால் நாம் பொறுப்பல்ல!) சீவிய இடத்தில் முக்கோணமாக ஒரு புதிய முகம் தோன்றும். இப்போது முகங்கள் 7. பழைய முனை ஒன்று போய் மூன்று புதிய முனைகள் வந்துவிட்டன, ஆக 10. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் புது விளிம்புகள், ஆக 15.

முன்பு முனைகளும் முகங்களும் சேர்ந்து 14, விளிம்புகள் 12. இப்போது 17, 15. வேறுபாடு இரண்டு முறையும் 2 தான்! காரணம் தெளிவு. முனைகள் இரண்டு, முகம் ஒன்று, ஆக மூன்று கூடின. விளிம்புகளும் மூன்றே கூடின. எட்டு முனைகளையும் சீவினாலும் இது மாறாது.

எகிப்தியப் பிரமிடின் வடிவத்தைப் பாருங்கள். தரையில் படிந்த சதுர முகத்தையும் மறவாமல் சேர்த்தால் முகங்கள் 5, முனைகள் 5, விளிம்புகள் 8. இங்கும் அதே 2.

யூக்ளிட் தம் நூலின் பதின்மூன்றாம் பகுதியில் ஐந்து ஒழுங்குத் திண்மங்களை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். அவர் நூலில் இந்த விதி இல்லை. நீளம், பரப்பு, கன அளவு என்று அளப்பதிலேயே கவனம் சென்றதால் வெறுமனே எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை போலும். 1750-ஆம் ஆண்டு நவம்பரில்தான் லியோனார்டு ஆய்லர் தம் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டார். விளிம்புக்கென்று தனிப்பெயர் சூட்டியவரும் அவரே. அவர் பின்னர் தந்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. 1794-இல் லெஜாண்டர் குறையற்ற நிரூபணம் தந்தார்.

விதிக்கு எல்லையும் உண்டு. கோளம், கூம்பு, உருளை போன்ற வளைந்த பரப்புள்ளவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நடுவில் துளை உள்ளவற்றுக்கும் பொருந்தாது. நான்கு மரத்துண்டுகளை மூலைகளில் சாய்வாக அறுத்து இணைத்த படச்சட்டத்தில், இணைப்புக் கோடுகளையும் விளிம்பாகக் கொண்டால், முனைகள் 16, முகங்கள் 16, விளிம்புகள் 32. வேறுபாடு 0.

இதை மனத்தில் வைத்துக் கால்பந்துக்கு வருவோம். அறுகோணத் துண்டுகளை மட்டும் மும்மூன்றாகச் சேர்த்துத் தைத்துப் பந்து செய்ய முடியுமா? 20 துண்டுகள் என்று கொள்வோம். ஓரங்கள் 120, விளிம்புகள் 60. ஒவ்வொரு முனையிலும் மூன்று துண்டுகள் கூடுவதால் முனைகள் 40. முனையும் முகமும் சேர்ந்து 60, வேறுபாடு 0. எத்தனை துண்டுகள் எடுத்தாலும் இதே கதிதான், பந்து உருவாகாது. இங்கிலாந்தில் கால்பந்து மைதானத்துக்கு வழிகாட்டும் பலகைகளில் அறுகோணங்களாலேயே ஆன பந்தை வரைந்திருந்தார்கள். அதைத் திருத்தக் கோரி 2017-இல் ஒரு மனுவே அளிக்கப்பட்டது!

நமக்குப் பழக்கமான கறுப்பு வெள்ளைப் பந்தில் 20 அறுகோணங்களோடு 12 ஐங்கோணங்களும் உள்ளன. ஓரங்கள் 180; எனவே விளிம்புகள் 90, முனைகள் 60, முகங்கள் 32. கணக்குச் சரியாகிறது. 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு 1985-இல் கண்டறியப்பட்டபோது, அணுக்கள் இந்தப் பந்தின் 60 முனைகளில்தான் அமர்ந்திருக்க வேண்டும் என்று குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் கூறினர். அதற்காக 1996-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.