விளிம்பில் தொடங்கும் போர்வை

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதற்கு உலகில் பலரும் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. துணிகளை அளந்து சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேற்புறத்தை உருவாக்குவார்கள். அதன் கீழே பஞ்சுப் படலத்தையும் அடித்துணியையும் விரித்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். எல்லாம் முடிந்த பின்னர் நான்கு ஓரங்களிலும் பட்டை வைத்து மடித்து மூடுவார்கள். ஓரப்பட்டை ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அங்கே சித்தி இனப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்னும் போர்வையில் ஓரந்தான் முதலில் முடிகிறது. நடுப்பகுதி கடைசியில் மூடப்படுகிறது.

‘சித்தி’ என்றதும் நமக்குச் சிற்றன்னையின் நினைவு வருவது இயல்பே. இந்தப் பெயருக்கும் அந்த உறவுக்கும் தொடர்பில்லை. சித்தியர் ஆப்பிரிக்க வழிவந்த இந்தியர்கள். போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுள் பலர், தப்பியும் விடுவிக்கப்பட்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் குடியேறினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று ஹலியாள், எல்லாப்பூர், முண்டுகோடு, அங்கோலா வட்டங்களின் சிற்றூர்களில் வாழ்கின்றனர். இந்துக்கள், இசுலாமியர், கிறித்தவர் என மூன்று சமயத்தாரும் அவர்களுள் உண்டு. உழவும் கூலி வேலையும் காட்டுப் பொருள்களுமே பெரும்பாலோரின் வாழ்வாதாரம். 2003ஆம் ஆண்டில் கர்நாடகச் சித்தியர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2020இல் அவர்களுள் ஒருவரான சாந்தாராம் சித்தி, மாநிலச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார்.

மலைச்சரிவில் மழைக்காலம் நீளமானது. குளிர்காலத்து விடியலும் கடுமையானது. வீட்டில் எத்தனை பேர் ஒன்றாகப் படுப்பார்களோ அதற்கேற்பக் கவந்தியின் அளவு அமையும். கீழே விரித்தால் படுக்கை, மேலே இழுத்தால் போர்வை. தொட்டில் குழந்தைக்குச் சிறிய கவந்தியைத் தனியே தைப்பார்கள். அதில் பளிச்சென்ற நிறங்களுக்கே முதலிடம்.

தையலுக்கான துணி கடையிலிருந்து வருவதில்லை. கிழிந்த சேலை, கணவரின் பழைய சட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, நைந்த பாவாடை ஆகியவை மூட்டையாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். மூட்டை போதுமான அளவுக்குப் பருத்ததும், வயல் வேலை குறைந்த நாளொன்றில் திண்ணையில் அது பிரிக்கப்படும். அவ்வட்டாரக் கிளை ஒன்றில் பணியாற்றிய காலத்தில், விடுமுறை நாள்களில் ஒரு மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்து ஒரு கவந்தி உருவாவதைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆகவே, படித்ததோடு பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு முழுச் சேலை தரையில் விரிக்கப்படுகிறது. இதுதான் போர்வையின் அடிப்புறம். அதன் ஓரம் உள்நோக்கி மடிக்கப்படுகிறது. ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதன் வெளியோரத்தையும் உள்ளே மடித்து, அடித்துணியின் மடிப்போடு பொருத்தித் தைக்கத் தொடங்குகிறார்கள். மடிப்போடு மடிப்பு சேர்வதால் ஓரம் அப்போதே மூடிவிடுகிறது. பின்னர் பட்டை வைக்கும் தேவையே எழுவதில்லை. ஊசி நேராகச் செல்கிறது. தையல் வகுப்பில் ‘ரன்னிங் தையல்’ என்று கற்றுத்தரும் எளிய ஓடுதையல்தான் அது. முதல் துண்டு முடியுமிடத்தில் அடுத்த துண்டின் ஓரத்தை மடித்து, முதல் துண்டின் பிசிரை மறைக்குமாறு சற்றே மேலேற்றி வைக்கிறார்கள். தைத்துக்கொண்டே செல்கையில் நான்கு ஓரங்களும் சுற்றி வந்துவிடுகின்றன. அதன்பின் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என, கோயிற் பிராகாரங்களை வெளியிலிருந்து கடந்து கருவறையை நோக்கிச் செல்வதைப் போலத் தையல் உள்ளே நகர்கிறது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மேற்புறத்தைத் தனியே இணைத்தல், பின்னர் அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தல் என்ற இரண்டு கட்டங்கள் இங்கே கிடையா. துண்டைப் பொருத்தும் தையலே அடுக்குகளையும் பிணைக்கிறது. நடுவில் பஞ்சு வைப்பதில்லை. கனம் வேண்டுமானால் மிகப் பழைய துணிகள் உள்ளே மறைந்து விடுகின்றன. வரைபடம் இல்லை, அளவுகோல் இல்லை. அடுத்து எந்தத் துண்டு என்பதை அந்த இடத்துக்கு வந்த பின்னரே தீர்மானிக்கிறார்கள். நான் பார்த்த மூதாட்டி, ஒரு பச்சைத் துண்டை வைத்துப் பார்த்து, எடுத்து, சிவப்பை வைத்து, அதையும் எடுத்துவிட்டு, அரை மணி நேரம் வெற்றிலை மென்றுகொண்டு சும்மா இருந்தார். பிறகு முதலில் வைத்த பச்சையையே எடுத்துத் தைத்தார். “ஏன் அஜ்ஜி, இதற்குத்தானா இவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். “அப்போது அது அவசரம்; இப்போது இது முடிவு” என்றார். கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்போர்க்கும் பொருந்தும் விடை!

கிறித்தவ வீடுகளில் சிலுவை வடிவையும், இசுலாமிய வீடுகளில் பிறை வடிவையும் சில போர்வைகளிற் காணலாம். சதுரம், நீள்சதுரம், பட்டை என்பவையே மற்றபடி மிகுதி. நடுப்பகுதியை எட்டும்போது எஞ்சியிருக்கும் சிறு வெற்றிடத்தை மூடுவதற்கு முன், சிலர் அதனுள் சில அரிசி மணிகளை இடுவதுண்டு. போர்வையின் வயிறு காலியாக இருக்கலாகாது என்பது அவர்களது எண்ணம். இறுதியாக நான்கு மூலைகளிலும் பல நிறத் துணிகளை முக்கோணமாக மடித்து அடுக்கி, ‘பூ’ எனப்படும் சிறு ஒட்டுகளைத் தைக்கிறார்கள். பயன்பாட்டைப் பொறுத்தவரை இவற்றுக்கு வேலை எதுவும் இல்லை. ஆனால் பூ வைக்காத கவந்தி, ஆடை உடுத்தாததற்கு ஒப்பாகும். அதை முடிந்த போர்வையாக அவர்கள் ஏற்பதில்லை.

பழந்துணியைப் போர்வையாக்கும் வழக்கம் சித்தியருக்கு மட்டும் உரியதன்று. வடகர்நாடகத்தில் கௌதி, மகாராட்டிரத்தில் கோதடி, கட்சிலும் மேற்கு இராசத்தானிலும் ரல்லி, பீகாரில் சுஜனி, வங்கத்தில் காந்தா எனப் பெயர்களும் முறைகளும் மாறிக்கொண்டே செல்கின்றன. நம் ‘கந்தை’க்கும் வங்கத்துக் ‘காந்தா’வுக்கும் வடமொழி மூலம் ஒன்றே. பீகாரின் சுஜனிக்கு 2006ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. காந்தாவோ இன்று பட்டுச் சேலையின் மேலேறிப் பெருநகரக் கடைகளில் விலைபோகிறது. கவந்தி இவற்றைப் போல உள்நாட்டில் அறியப்படவில்லை. அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்றி துரூவல் இதனை விரிவாக ஆராய்ந்தார். 2011இல் நியூயார்க் நகரத்தின் சோம்பர்க் ஆய்வு மையத்தில் சித்திப் பெண்களின் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இன்று வெளிநாட்டுத் தையல் ஆர்வலர்கள் ‘கவந்தி’ என்ற பெயரிலேயே இம்முறையைப் பயில்கிறார்கள். எல்லாப்பூரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத் தொலைவிலுள்ள ஊர்களிற்கூட இதைக் கேள்விப்படாதோர் பலர்.

இனி, வங்கிக்காரனின் வழக்கப்படி, சிறிது கணக்குப் பார்ப்போம். ஒருவர் போர்த்திக்கொள்ளும் 180 செ.மீ. நீளமும் 135 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு போர்வையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 24,300 சதுர செ.மீ. தையல் வரிசைகளுக்கு இடையே ஒன்றரை செ.மீ. இடைவெளி என்றால், ஊசி கடக்க வேண்டிய தொலைவு 162 மீட்டர். செ.மீட்டருக்கு ஒரு தையல் எனக் கொண்டால் 16,200 தையல்கள். நிமிடத்துக்குப் பத்துத் தையல் போடும் தேர்ந்த கைக்கு இது இடைவிடாத 27 மணி நேர வேலை. துண்டு தேர்ந்தெடுத்தல், மடித்தல், நூல் கோத்தல், மூலைப்பூ வைத்தல் ஆகியவற்றுக்கு இன்னும் அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வைத்தால் 54 மணி. வீட்டு வேலைகளுக்கு இடையே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஏறத்தாழ ஒரு மாதம். மணிக்கு 60 ரூபாய் என்று மிக அடக்கமாகக் கூலி போட்டாலும் 3,240 ரூபாய் ஆகிறது. நூல், போக்குவரத்து, விற்பவரின் பங்கு இவை தனி.

அதே ஊர்ச் சந்தையில், பானிப்பட்டில் கழிவுக் கம்பளி நூலிலிருந்து இயந்திரத்தில் நெய்து வரும் போர்வை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கவந்தியின் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்குத் தைக்கும்வரை அந்த 54 மணிக்கு யாரும் விலை கேட்பதில்லை. விற்பனைக்கு என்று தைக்கும்போது, வாங்குபவர் சந்தைப் போர்வையின் விலையையே அளவுகோலாகக் கொள்கிறார். “பழைய துணிதானே?” என்ற கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பழந்துணி என்பதால் துணிக்கு விலையில்லை என்பது நியாயம். தையலுக்கும் விலையில்லை என்பது எவ்வாறு பொருந்தும்? வேறு சிலர் புதுத்துணி வேண்டும், கோடுகள் நேராக வேண்டும், நிறங்கள் வரவேற்பறைக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்கிறார்கள். அப்படித் தைப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு துண்டு மாதிரிப்படி இன்னொன்று என்று வரும்போது, அடுத்த துண்டை எண்ணித் திண்ணையில் அமர்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம் முதலில் காணாமற்போகிறது.

கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நான் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்: கவந்தி தைக்கும் பெண்ணுக்கு முதல் தேவை கடனன்று. அவருடைய மூலப்பொருள் வீட்டு மூட்டையில் இருக்கிறது. ஊசிக்கும் நூலுக்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. போர்வையை எடுத்துச் சென்று ‘விற்றால் தருகிறேன்’ என்பவரிடமிருந்து பணம் வருவதற்குள் பல மாதங்கள் கழிகின்றன. அந்த இடைவெளியே அவரைத் தையலை விட்டுக் கூலி வேலைக்குத் துரத்துகிறது. எனவே, தைக்கத் தொடங்கும்போதே பாதித் தொகையை அவருடைய சொந்தக் கணக்கில் செலுத்துவதே நேர்மையான முறை. ஜன் தன் கணக்குகள் 2014 முதல் நடைமுறையில் உள்ளன; கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் வசதியும் வந்துவிட்டது; தொலைவு இனி ஒரு காரணமன்று. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, தூய பருத்தித் துணியும் நூலும் மொத்தமாக வாங்க நினைத்தால், அப்போது கடனுக்கு இடமுண்டு. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களுடன் சோதனையாகத் தொடங்கிய சுயஉதவிக் குழு இணைப்புத் திட்டம் இத்தகைய சிறு தேவைகளை எண்ணியே உருவானது.

இதைப் படித்ததும் சில வாசகர்களுக்கு ஊசியைத் தேடும் ஆவல் எழக்கூடும். முதற்போர்வைக்கு முழு அளவு வேண்டா. தொட்டில் அளவு, அதாவது ஏறத்தாழ 90 செ.மீ.க்கு 70 செ.மீ. போதும். பலமுறை துவைத்துச் சாயமும் சுருக்கமும் அடங்கிய பருத்தியே ஏற்றது. பாலியஸ்டர் சேலை வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது, மடிப்பும் நிற்காது. சிவப்பு, கருநீலத் துணிகளை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். நூல் தடித்த பருத்தி நூலாக இருக்கட்டும். அதை ஒரு கை நீளத்துக்கு மேல் கோத்தால் சிக்கும். வலக்கைப் பழக்கமுள்ளோர் வலமிருந்து இடமாகத் தைத்துச் செல்வது எளிது. துண்டுகளை முன்கூட்டியே வெட்டிக் குவிக்க வேண்டா. அந்தந்த இடத்துக்குத் தேவையான அளவில் கத்தரித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு மற்றொன்றின் மேல் ஒரு செ.மீ. அளவாவது ஏறியிருக்க வேண்டும். இல்லையேல் இரண்டாம் துவைப்பில் பிசிர் வெளியே வந்துவிடும்.

உள்ளே செல்லச் செல்ல அடித்துணி தளர்ந்து சுருக்கம் விழும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் போர்வையைத் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவிச் சமப்படுத்துங்கள். சிறு நெளிவுகள் நிற்கத்தான் செய்யும். கைத்தையலுக்குரிய அந்த நெளிவைத் துவைத்தபின் பார்க்க அழகாகவே இருக்கும். தைத்து முடித்ததைக் குளிர்ந்த நீரில் மென்சோப்பு இட்டுக் கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பி உலர்த்த வேண்டும். ஈரக் கனத்தில் தையல் இழுபடும். சில ஆண்டுகளில் ஏதேனும் ஓர் இடம் நைந்தால், பிரிக்க வேண்டியதில்லை. அதே இடத்தின் மேல் புதிதாக ஒரு துண்டை மடித்து வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.