இயந்திர நலம் – 9: எரிவதற்கு முன்பே சொல்லும் வைண்டிங்

சென்ற வாரம் பேரிங்கின் சத்தத்தைக் காதால் பிடிப்பது எப்படி என்று பார்த்தோம். மோட்டரின் வைண்டிங் அப்படியல்ல, பெரும்பாலும் சத்தமில்லாமலேயே கெடும்.

வத்தேகமவிலிருந்து எல்கடுவ, பன்வில பக்கம் ஏறினால் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றுத் தள்ளும் விசிறி பல மணி நேரம் ஓடியாக வேண்டும். நடு இரவில் அதன் மோட்டர் எரிந்தால், மாற்று மோட்டர் வரும்வரை கொழுந்து காத்திருக்காது.

வைண்டிங்கின் பகைவர் மூவர்: சூடு, ஈரம், தூசி. செப்புக் கம்பியின் மேலுள்ள எனாமல் தலைமுடி அளவு தடிப்புத்தான். வைண்டிங்கின் வெப்பம் 10 பாகை கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தேயிலைத் தூசி மோட்டரின் சூட்டை வெளியேற்றும் வெளிவரிகளை அடைத்தால் அந்த 10 பாகை சுலபமாக ஏறிவிடும். மழைக்காலத்தில் ஓடாமல் நிற்கும் மோட்டருக்குள் ஈரம் இறங்கும்.

இன்சுலேஷன் நலிவதைக் கண்டறியும் முதல் கருவி, அதன் தடையை அளக்கும் மேகர். மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்டார்ட்டரிலிருந்து வயர்களைக் கழற்றிவிட்டு, 400 வோல்ட் மோட்டருக்கு 500 வோல்ட் டிசி கொடுத்து, வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். இன்றைய சிறு மோட்டர்களுக்கு 5 மெகாஓம் குறைந்தபட்ச எல்லை. ஆனால் எல்லையைத் தாண்டிவிட்டது என்று நிம்மதியடைவது தவறு. ஜனவரியில் 200, மார்ச்சில் 90, மே மாதம் 30 என்று வந்தால், மூன்றுமே எல்லைக்கு மேல்தான். ஆனாலும் அந்த மோட்டர் சரிந்துகொண்டிருக்கிறது. வெப்பம் கூடினால் அளவு குறையுமாதலால், மோட்டர் ஆறிய பின், ஒரே நிலையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். முதலாவது நிமிட அளவையும் பத்தாவது நிமிட அளவையும் குறியுங்கள். பின்னது முன்னதைப்போல் இரு மடங்கானால் நலம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றேயானால் ஈரமோ அழுக்கோ உள்ளே இருக்கக்கூடும்.

மேகருக்குத் தெரியாத நோய் ஒன்று உண்டு. ஒரே கொயிலின் இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், உடலுக்குக் கசிவு இராது. மேகர் நல்ல அளவையே காட்டும். ஆனால் தொட்டுக்கொண்ட சுற்றுக்குள் பெருமின்னோட்டம் சுழன்று, பக்கத்து எனாமலையும் சுட்டுவிடும். இதைப் பிடிக்கக் கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸ்களையும் அளக்க வேண்டும். 20, 20, 23 ஆம்பியர் என்று வந்தால் கவனம் தேவை. குற்றம் மோட்டரிலா, லைனிலா? மின்சாரத்தை நிறுத்தி, மூன்று வயர்களையும் வரிசை மாறாமல் ஓரிடம் நகர்த்திப் பூட்டி, மீண்டும் அளந்து பாருங்கள். கூடுதல் ஆம்பியர் மோட்டரின் அதே முனையில் நின்றால் குற்றம் மோட்டரில். லைனோடு நகர்ந்தால் மின் விநியோகத்தில். மோட்டரில்தான் என்றால், ரீவைண்டிங் பட்டறையில், சுற்றுகளுக்கிடையிலான இன்சுலேஷனைப் பரிசோதிக்கும் சர்ஜ் சோதனை செய்து உறுதிப்படுத்தலாம்.

ஆகவே பக்டரி எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மோட்டருக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திகதி, மெகாஓம், மூன்று ஆம்பியர், அன்று மழையா வெயிலா என்பதை மாதம் ஒருமுறை எழுதுங்கள். எரிந்த மோட்டரை ரீவைண்ட் செய்யும் செலவோடு ஒப்பிட்டால், அந்தப் பக்கத்தின் விலை ஒன்றுமேயில்லை.

(தொடரும்)