நான்கு குரலில் ஒரு பாட்டு

பாட்டின் மெட்டைப் பாடுகிறவர்களுக்கு வேலை சுலபம். நான் ஆல்டோ. கெங்குவார்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போய், சர்ச் கொயரில் ஒத்திகை பார்த்துவிட்டு, பெரியகுளம் பஸ்ஸில் ஊர் திரும்புவது என் பல வருடப் பழக்கம். வீட்டில் நான் பாடிப் பழகுவதைக் கேட்கும் எதிர்வீட்டு அக்கா, "ஏம்மா, எல்லாரும் பாடுற ராகத்த விட்டுட்டு நீ மட்டும் வேற என்னமோ பாடுற?" என்பார். நியாயமான கேள்வி.

கோயில் பஜனையிலும் பலர் கூடித்தான் பாடுகிறோம். ஆனால் அத்தனை பேரும் பாடுவது ஒரே மெட்டு. கொயரில் அப்படியில்லை. பெண்களின் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ. ஆண்களின் மேல்குரல் டெனார், கீழ்க்குரல் பாஸ். மெட்டு பெரும்பாலும் சோப்ரானோவிடம் இருக்கும். அவர்கள் மேல் ஸட்ஜத்தில் நிற்கும்போது ஒருவர் பஞ்சமத்தில், ஒருவர் காந்தாரத்தில், பாஸ் அடி ஸட்ஜத்தில் நிற்பார்கள். நான்கும் ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் ஹார்மனி. என் வரியைத் தனியாகக் கேட்டால் அக்கா சொல்வது சரிதான், பாட்டு மாதிரியே இருக்காது. மற்ற மூன்றும் சேர்ந்த பிறகுதான் அது எதற்கு என்று விளங்கும்.

இதில் கஷ்டமானது மூச்சு. நீண்ட வரியில் எல்லாரும் ஒன்றாக மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் பாடிக்கொண்டிருக்கும்போது நான் வாங்க வேண்டும். நான் பாடும்போது அவர். வரி முடிகிற இடத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கத் தோன்றும் என்பதால், நடுவிலேயே ஓசையில்லாமல் வாங்கிவிடச் சொல்வார் எங்கள் கொயர் மாஸ்டர். 'ம்' என்று முடிகிற சொல்லில் அத்தனை பேரும் ஒரே கணத்தில் உதட்டை மூட வேண்டும். ஒருவர் முந்தினால்கூடக் கேட்டுவிடும்.

கொயருக்கு இரண்டு சீசன். ஒன்று டிசம்பர். வேதபாடங்களுக்கு நடுவே பாட்டுகள் வரும் கேரல் சர்வீஸ் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் 1880ல் தொடங்கி, 1918ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது. மற்றது லெந்து என்னும் தவக்காலமும் ஈஸ்டரும். ஹேண்டல் 1741ல் 24 நாளில் எழுதி, 1742ல் டப்ளினில் அரங்கேற்றிய 'மெசையா' என்ற இசைப்படைப்பை இந்த இரண்டு சீசனிலும் பாடுவார்கள். சென்னையில் 1893ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற கொயர் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

இனி தமிழ்ப் பாட்டுக்கு வருவோம். எங்கள் ஊருக்கு இருபுறமும், வத்தலக்குண்டிலும் பெரியகுளத்திலும், அமெரிக்க மதுரை மிஷன் நிலையங்கள் இருந்தன. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853ல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில்தான் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் சபைகளுக்குப் பொதுவாக வந்து சேர்ந்தன. கீர்த்தனையில் சொல்லும் ராகமும் கூடவே பிறந்தவை. சர்ச்சில் பாடும் மொழிபெயர்ப்புப் பாட்டுகளான பாமாலையில் மேல்நாட்டு மெட்டு முதலில் வந்தது, தமிழ்ச் சொல் பிறகு வந்தது. அதனால் குறில் வர வேண்டிய இடத்தில் மெட்டு இழுக்கும், 'பல' என்பது 'பால' என்று கேட்கும். ஹார்மனி தமிழுக்கு ஒட்டாது என்று பலர் முடிவு கட்டியது இதைக் கேட்டுத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. குற்றம் ஹார்மனியுடையதல்ல, மொழிபெயர்ப்பினுடையது.

இதை நிரூபித்தவர் எம்.பி. சீனிவாசன். 1970களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர், பாரதியாரை சர்ச்சுக்கு வெளியே பல குரலில் பாடியது. தமிழின் அசைக்கு இணங்கவே குரல்களைப் பிரித்தார். 1988ல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பாட்டுகள் நிற்கின்றன.

இன்னொருவர் எங்கள் தேனி மாவட்டத்துக்காரர். கேரள எல்லையை ஒட்டிய பண்ணைப்புரத்தில் 1943ல் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் பாடி வளர்ந்தவர். 2005ல் அவர் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஆரட்டோரியோவாகத் தந்தார். வேஷமும் நடிப்பும் இல்லாமல், தனிக்குரலும் கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து பக்தியைப் பாடும் வடிவம் அது. 'மெசையா'வும் அதே வகைதான். திருவாசகத்துக்கு வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. ஆங்கில வரிகள் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். 1900ல் ஜி.யு. போப் என்ற பாதிரியார் திருவாசகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். நூறு ஆண்டு கழித்து, பாதிரியார்கள் கொண்டுவந்த இசை வடிவத்தில் அதே மாணிக்கவாசகரை எங்கள் மாவட்டத்துக்காரர் பாட வைத்தார். அந்த ஆல்பத்தில் கோரஸ் எழுகிற இடங்களை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். மெட்டை விட்டுவிட்டு அடியில் போகும் ஆண்குரலை மட்டும் பின்தொடருங்கள், பாட்டு வேறொன்றாகத் தெரியும்.

இப்படி ஒருவரைத் தந்த எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில், பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுக்கு வாயசைக்கிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை. கொயருக்கு வாத்தியம் வேண்டாம், அரங்கம் வேண்டாம். பன்னிரண்டு பிள்ளைகளும், சுருதி பிடித்துக் கொடுக்க ஒருவரும், வாரம் ஒரு மணி நேரமும் போதும். முதலில் இரண்டு குரல், அடுத்த வருடம் மூன்று என்று போகலாம். தேனி, போடி, கம்பம் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது இதைத் தொடங்கினால் நான் வந்து சொல்லித்தரத் தயார்.

அதற்கு முன்னால் நீங்கள் நேரில் ஒருமுறை கேட்க வேண்டும். டிசம்பரில் பக்கத்து ஊர் சர்ச்சில் கேரல் சர்வீஸ் எந்தத் தேதி என்று விசாரியுங்கள். டிக்கெட் கிடையாது, எந்த மதத்தவரும் போய் உட்காரலாம்.