ஆற்றில் ஒரு பகல்: எழிலுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் பிள்ளைகள் மலையையோ கடலையோ கேட்பது வழக்கம். இப்போது ஆறும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. துடுப்பு வலித்துச் செல்லும் கயாக், கனோ போன்ற சிறு படகுகளையும், காற்றடைத்த ரப்பர் படகில் பாறைகளுக்கிடையே பாய்ந்து செல்லும் ராப்டிங்கையும் கைப்பேசியில் கண்டுவிட்டு, “வாப்பா, நாமும் போவோமா?” என்று கேட்கிறார்கள். நாமும் படத்தின் எழிலைப் பார்த்து இசைந்துவிடுகிறோம். ஆனால் ஆற்றைத் தேர்ந்தெடுப்பதில் எழில் இரண்டாவது கேள்விதான். முதற் கேள்வி இது: அந்த ஆற்றில் அன்று ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது?

தென்னாட்டு ஆறுகள் மழையை நம்பியவை. சித்திரை, வைகாசியில் அவற்றுள் பல வெறும் மணல்வெளியாகக் கிடக்கும். அந்நாளிலும் ஓர் ஆற்றில் படகு மிதக்குமளவு நீர் ஓடுகிறதென்றால், பெரும்பாலும் மேலே ஓர் அணை உண்டு என்று பொருள். மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் கோலாட் என்னும் ஊரருகே ஓடும் குண்டலிகா இதற்கு நல்ல சான்று. பீராவில் உள்ள நீர்மின் நிலையத்தில் மின்சாரம் எடுத்தபின் வெளியேறும் நீரே அங்கு ராப்டிங்கிற்கு உயிர். காலையில் நீர் திறக்கப்படும்போது ஆறு துள்ளும், நின்றுவிட்டால் அடங்கிவிடும். ஆகவே அங்கே செல்வோர் முதல்நாள் இரவே போய்த் தங்குவது நலம். கர்நாடகத்தில் தாண்டேலியை ஒட்டிய காளி ஆறும் சுபா அணையின் நீரைப் பொறுத்ததே. இமயமலைப் பனி உருகி வரும் கங்கையில், ரிஷிகேஷுக்கு மேலே சிவபுரியிலிருந்து ராப்டிங் நடக்கிறது. கோடையிலும் அங்கு நீருக்குக் குறைவில்லை. மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் நிறுத்திவிடுவார்கள்.

நீரின் வேகத்தை உலகெங்கும் ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலை மெல்லிய சலசலப்பு. ஆறாம் நிலை தேர்ந்தவர்களே அஞ்சி ஒதுங்குவது. முதன்முறை செல்லும் குடும்பத்திற்கு இரண்டாம் நிலை போதும். வளர்ந்த, நீந்தத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், நல்ல வழிகாட்டியுடன் மூன்றாம் நிலைவரை போகலாம். இதே ஆறு மழைக்குப் பின் ஒரு நிலை உயர்ந்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தொலைவு எதற்கு என்பவர்களுக்கு, நம் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல் இருக்கிறது. ‘புகையும் கல்’ என்று கன்னடத்தில் பொருள்படும் இப்பெயர், அருவி கிளப்பும் நீர்த்திவலைகளால் வந்தது. மூங்கில் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னி, முன்பெல்லாம் தோலால் போர்த்திய பரிசல்தான் இங்கு வாகனம். முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் வட்டமாக இருப்பதால், பரிசல்காரர் நினைத்தால் பம்பரம்போல் சுழற்றுவார். பிள்ளைகள் கூச்சலிடுவதற்கும் அதுவே காரணம். உயர்ந்த பாறைச் சுவர்களுக்கிடையே அருவியின் அடிவரை செல்லும் அந்தப் பயணத்திற்கு ஈடாக எந்த ரப்பர் படகையும் நான் சொல்லமாட்டேன். கரையில் கண்ணெதிரே பொரித்துத் தரும் ஆற்று மீன் வேறு!

ஆனால் இங்கும் முதற் கேள்வி அதேதான். கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் திறக்கும் நீர், தமிழக எல்லையில் பிலிகுண்டுலு என்னுமிடத்தில் வினாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கப்படுகிறது. அளவு ஏறினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். குடகில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் அணைகள் நிரம்பும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களே ஏற்றவை. ஜூன் பிற்பகுதிக்குப் பின் புறப்படுவோர், நாளிதழில் நீர்வரத்தைப் பார்த்த பிறகே வாகனத்தை அமர்த்துங்கள்.

கைக்குழந்தையும் முதியோரும் உள்ள குடும்பங்கள் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுரபுன்னைக் காட்டின் வேர்களுக்கு நடுவே செல்லும் ஓடைகளில் துடுப்புப் படகு அமைதியாகப் போகும். பாய்ச்சல் இல்லை, பாறை இல்லை. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும், அவ்வளவுதான். பரங்கிப்பேட்டையில் உறவினர் உள்ளவர்களுக்குத் தங்குமிடக் கவலையும் இல்லை.

அமைதியான நீர் என்பதாலேயே அசட்டையாக இருந்துவிட முடியாது. 2023 மே 7 அன்று கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் தானூரில், மாலை மயங்கிய வேளையில் புறப்பட்ட சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்; ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் பலர். மீன்பிடிப் படகை மாற்றியமைத்து, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அங்கே பாய்ச்சலும் இல்லை, பாறையும் இல்லை. மஃரிபுக்கு முன் எல்லோரும் கரையில் இருக்க வேண்டும் என்பதும், எழுதிவைத்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவர் ஏறினாலும் நாம் இறங்கிவிடுவது என்பதும் வீட்டிலேயே முடிவு செய்யப்பட வேண்டியவை. படகுத்துறையில் நின்று விவாதித்தால் வெட்கம் நம்மை ஏற்றிவிடும்.

உயிர்காக்கும் மிதவைச் சட்டையைப் பிள்ளைகளின் அளவுக்கே கேட்டு வாங்கி, வார்களை இறுக்கிவிடுங்கள். பெரியவர்களின் சட்டையை மாட்டிய சிறுவன் நீரில் விழுந்தால், சட்டை மேலே நிற்கும், அவன் கீழே நழுவுவான். பெண்கள் குறித்து ஒன்று: நனைந்த புர்காவும் சேலையும் பெருஞ்சுமையாகும், கால்களைச் சுற்றிக்கொள்ளும். முழுக்கை உடைய தளர்ந்த சல்வார் கமீஸும், முனைகளை உள்ளே செருகிய தலைமறைப்பும் அணிந்து, அதன்மேல் மிதவைச் சட்டையை மாட்டினால் கண்ணியத்துக்கும் குறைவில்லை, கைகால்களுக்கும் தடையில்லை. நீண்ட துப்பட்டாவைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

வேகமான நீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயல்வதே பெரும் ஆபத்து. பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீர் மனிதரை முன்னோக்கி அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டுக் கூடத்துத் தரையில் படுக்கவைத்தே ஒரு முறை செய்து காட்டலாம், விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.