குழாய்க்குள் குறையும் சர்க்கரை



பரிசோதனைக்கூடத்துக்கென்று நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி, சாம்பல் நிற மூடி போட்ட சிறு குழாய்கள், ஐஸ் பெட்டி போன்ற சிறு பொருட்களுக்குச் செலவாகிறது. "இவையெல்லாம் இவ்வளவு முக்கியமா?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். முக்கியந்தான். அதன் காரணத்தை இம்மடலில் விளக்க விரும்புகிறோம்.

இரத்தம் உடலைவிட்டு வெளியே வந்த பின்பும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடிருக்கின்றன. சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் தங்களைச் சுற்றியுள்ள குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. உடலுக்குள் இருக்கும்போது கல்லீரலும் நாம் உண்ணும் உணவும் அந்தக் குறைவை ஈடுசெய்கின்றன. குழாய்க்குள் ஈடுசெய்ய ஒன்றுமில்லை. ஆகவே சாதாரண அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைகிறது. வெயில் கடுமையாக இருந்தாலோ, தொற்றினால் வெள்ளையணுக்கள் பெருகியிருந்தாலோ, இன்னும் வேகமாகக் குறையும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை வியாதி என்று மருத்துவர்கள் கொள்ளுகிறார்கள். ஒருவருக்கு இரத்தம் எடுத்த நேரத்தில் 130 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 6 சதவீதம் குறைந்தால், ஒரு மணி நேரத்தில் அது 122. மூன்று மணி நேரத்தில் 108. இயந்திரம் பழுதில்லை, பரிசோதிப்பவரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் அந்த மனிதர் "எனக்குச் சர்க்கரை இல்லை" என்ற சந்தோஷத்தோடு வீடு திரும்புவார். வியாதியோ கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் மெதுவாகக் கெடுத்துக்கொண்டிருக்கும். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவருக்கும் ஆபத்து உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாகத் தவறாகத் தெரிந்தால், கூட்ட வேண்டிய மருந்தைக் கூட்டாமல் விட நேரிடும்.

ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் இது ஏட்டளவிலான கவலை அல்ல. தாமிரபரணிக் கரைக் கிராமங்களிலும், புன்னைக்காயல் போன்ற கடற்கரை ஊர்களிலும் காலையில் எடுக்கும் இரத்தம், பஸ்ஸிலோ இருசக்கர வாகனத்திலோ பெரிய பரிசோதனைக்கூடம் உள்ள ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். எல்லா மாதிரிகளும் சேரட்டும் என்று காத்திருந்து, தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுபோனால் நண்பகல் ஆகிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, பாதைகள் அறுந்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தூரத்திலுள்ள கூடத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு எச்சரிப்பு.

கர்ப்பிணித் தாய்மார் விஷயத்தில் இது இன்னும் பாரமானது. தமிழகத்தில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யப்படுகிறது. இதற்காகச் சென்னை மருத்துவர் வீ. சேஷையா நெடுங்காலம் உழைத்தார். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து, 140-ம் அதற்கு மேலும் இருந்தால் சிகிச்சை தொடங்குவது வழக்கம். ஒரு தாய்க்கு 146 இருந்து, குழாய் ஒரு மணி நேரம் மேஜைமேல் கிடந்தால், முடிவு 137 என்று வரும். குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் கஷ்டமாவதும், பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவதும் தடுக்கக்கூடியவை. ஆனால் முதலில் வியாதி கண்டுபிடிக்கப்பட வேண்டும்.

2016-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 155 கர்ப்பிணிகளிடம் ஒரே சமயத்தில் எடுத்த இரத்தத்தில் ஒரு பங்கை ஐஸில் வைத்து உடனே பரிசோதித்தார்கள். மறு பங்கை வழக்கம்போல் அனுப்பினார்கள். ஐஸில் வைத்த பங்கின்படி 38 சதவீதம் பேருக்கும், வழக்கப்படி அனுப்பியதில் 14 சதவீதம் பேருக்கும் மட்டுமே கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவர்கள் அனைவரும் அதே பெண்கள்தான்.

சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃபுளூரைடு என்ற உப்பு இருக்கிறது. அணுக்கள் சர்க்கரையைத் தின்னும் வேலையை அது நிறுத்துகிறது. ஆனால் உடனே அல்ல. சர்க்கரையைச் சிதைக்கும் வேலை பல படிகளாக நடக்கிறது; ஃபுளூரைடு கடைசிப் படிகளில் ஒன்றையே அடைக்கிறது. கால்வாயின் கடைமடையை அடைத்தாலும், தலைமடை வழியாகச் சிறிது நேரம் தண்ணீர் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும் அல்லவா? அதுபோலவே முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். அதன் பின்பே நிலைக்கும். சிட்ரேட் கலந்த புதுவகைக் குழாய்கள் தலைமடையையே அடைப்பதால் அதிக நன்மையானவை. ஆனால் விலை கூடுதல், எங்கும் கிடைப்பதுமில்லை.

ஆகையால் வல்லுநர்கள் சொல்லும் வழி எளியது. குழாயை உடனே ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். அணுக்கள் பிரிந்தபின் சர்க்கரை பல மணி நேரம் மாறாமல் இருக்கும். மீன் பிடித்தவுடன் ஐஸில் போடாவிட்டால் கரை சேருமுன் கெட்டுவிடும் என்பதை நம் கடற்கரை மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் எல்லாக் குழாய்களையும் ஐஸில் போட்டுவிடவும் கூடாது. பொட்டாசியம் பார்க்கும் இரத்தம் குளிரில் நெடுநேரம் இருந்தால் பொய்யாக உயர்ந்து காட்டும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை இத்தாமதம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆயினும் இரத்தச்சோகை உள்ளவர்களிடம் அது தவறாகக் காட்டலாம். நம் கர்ப்பிணிகளில் அநேகர் சோகையுள்ளவர்கள். எனவே அவர்களுக்குக் குளுக்கோஸ் பரிசோதனையே வேண்டியதாயிருக்கிறது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழகத்தில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்று கணக்கிட்டது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். நீங்களும் உங்கள் வீட்டாரும் இரத்தம் கொடுக்கும்போது, "எத்தனை மணிக்குச் சோதிப்பீர்கள்? அதுவரை எங்கே வைப்பீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். குழாயின் மேல் எடுத்த நேரத்தை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். முடிவு உடல்நிலைக்குப் பொருந்தாவிட்டால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒரு பெட்டி ஐஸும், மின்சாரம் இல்லாத நேரத்தில் கையால் சுழற்றும் ஒரு சிறு சென்ட்ரிஃப்யூஜும் மருத்துவ உலகில் பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் ஒரு தாய்க்கு உண்மையான எண்ணைச் சொல்ல அவை போதும்.