கதவை யாருக்காக மூடினார்கள்?



ஒரு தாய் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கிறார். கைகள் கட்டப்பட்ட ஆறு பேரைச் சீருடையணிந்தோர் சுட்டுக் கொல்லும் காட்சி திரையில் ஓடுகிறது. அவர்களுள் ஒருவன், பத்தாண்டுகளுக்கு முன் காணாமற்போன அவருடைய மகன்! அந்தத் தாயின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

இது 2005 ஜூனில் போஸ்னியாவில் நிகழ்ந்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகா நகரம் வீழ்ந்தபோது முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களுமாக ஏறத்தாழ 8,000 பேர் கொல்லப்பட்டனர். அப்படியொன்று நடக்கவேயில்லை என்று செர்பியாவில் பலர் சாதித்து வந்தனர். யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரிக்க ஐ.நா. சபை 1993-இல் ஹேக் நகரில் ஒரு நீதிமன்றத்தை அமைத்தது. செர்பியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச் மீது அங்கு நடந்த வழக்கில், ஜூன் 1 அன்று இந்த ஒளிநாடா காட்டப்பட்டது. செர்பியத் தொலைக்காட்சியும் அதை ஒளிபரப்பியது. சில நாட்களிலேயே கொலையாளிகள் சிலர் கைதாயினர். 2007-இல் பெல்கிரேடு நீதிமன்றம் நால்வருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. பத்தாண்டு மறுப்பை ஒரு திறந்த விசாரணை உலுக்கிவிட்டது.

ஆனால், அதே நீதிமன்றம் வேறொரு கதவை மூடியது. அன்றைய யூகோஸ்லாவியப் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளில் சில பகுதிகளை வெளியிடுவதில்லை என்ற ஏற்பாட்டின் பேரில் பெற்றுக்கொண்டது. அதே நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் போஸ்னியா தொடுத்த வழக்கு, அப்பகுதிகள் பார்வைக்கு வராமலே 2007-இல் முடிந்தது. ஸ்ரெப்ரெனிகாவில் நடந்தது இனப்படுகொலையே. செர்பியா அதைத் தடுக்கத் தவறியது. ஆயினும் அதைச் செய்த பொறுப்பு செர்பிய அரசைச் சாராது என்பது தீர்ப்பு.

மறைத்து வைக்க வழிசெய்த உத்தரவுகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஃபுளோரன்ஸ் ஆர்ட்மானுக்கு, நீதிமன்ற அவமதிப்புக்காக 2009-இல் 7,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2016-இல் ஸ்ரெப்ரெனிகா வழக்கின் முக்கியக் குற்றவாளியான கராஜிச்சுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்ட நாளில், நீதிமன்ற வாசலிலேயே அவர் கைதாகிச் சிறையில் அடைக்கப்பட்டார்.

எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்பதன்று நமது வாதம். மானபங்கத்துக்கு ஆளான பெண்கள் அங்கே பெயரும் முகமும் மறைத்துச் சாட்சியம் அளித்தனர். அந்தத் திரை அவர்களின் மானத்தையும் உயிரையும் காத்தது. அரசின் கோப்பை மறைத்த திரையோ அரசைத்தான் காத்தது.

சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். ‘ரகசிய விசாரணை’ என்ற செய்தியை இனி எங்கு படித்தாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கதவை மூடியது பாதிக்கப்பட்டவருக்காகவா, பாதித்தவருக்காகவா?