காஞ்சிபுரம் இட்லியும் ஆறடிக்காரரின் பைக் சீட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கவனியுங்கள். கோவளம் வரைக்கும் பைக்கில் போகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். மாமல்லபுரம் தாண்டி, பூஞ்சேரி தாண்டி, கல்பாக்கம் நெருங்கும்போது உயரமானவர்கள் தனியாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். ஒருவர் வலது காலை நீட்டி நீட்டி மடக்குவார். இன்னொருவர் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, கொஞ்ச தூரம் போய், மறுபடி உட்காருவார். ஊர் திரும்பியதும் சீட் கடைக்குப் போய் இவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, நல்லா சாஃப்டா போட்டுக் குடுங்க."

அங்கேதான் தப்பு நடக்கிறது. ஏன் என்று விளங்க இட்லிப் பானையைத் திறக்கலாம்.

மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைக் குமிழ்களாகப் பிடித்து வைக்கிறது. ஆவியில் வெந்ததும் குமிழ்கள் அப்படியே இறுகிவிடுகின்றன. சீட்டுக்குள் இருக்கும் ஃபோமும் இதே வழியில்தான் பிறக்கிறது. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களையும் கொஞ்சம் தண்ணீரையும் அச்சில் ஊற்றுகிறார்கள். தண்ணீரும் ஐசோசயனேட்டும் சேரும்போது அதே கரியமில வாயு கிளம்பி, கலவை பொங்கி அச்சை நிரப்புகிறது. ஆவி மட்டும் தேவையில்லை. வேதிவினையின் சூடே அதை வேகவைத்துவிடும். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு கண்டுபிடித்த பாலியூரித்தேன்தான் இது.

இப்போது ஒரு தட்டில் ஆமணக்கு விதை போட்டு அரைத்த குஷ்பு இட்லியையும், பக்கத்தில் காஞ்சிபுரம் இட்லித் துண்டு ஒன்றையும் வையுங்கள். காஞ்சிபுரம் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைபடும். மந்தாரை இலை விரித்த மூங்கில் கூடையில் மணிக்கணக்கில் வேகும். இரண்டையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். குஷ்பு இட்லியில் விரல் சுகமாக இறங்கும், இறங்கி நேரே தட்டில் போய் முட்டும். காஞ்சிபுரம் இட்லி கொஞ்சம் அமுங்கி, அங்கேயே விரலைத் தாங்கிக்கொள்ளும்.

அந்தக் கட்டைவிரல்தான் இடுப்பெலும்பின் அடிமுனை. நாம் உட்காரும்போது உடல் எடையில் பெரும்பங்கு இடுப்பெலும்பின் இரண்டு சிறிய முனைகள் வழியாக இறங்குகிறது. தட்டு என்பது ஃபோமுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் அல்லது தகரத் தளம். சாஃப்ட் சீட்டில் முனைகள் தளத்தைத் தொட்டபின் அங்குள்ள தசையில் ரத்த ஓட்டம் நசுங்குகிறது. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது. கல்பாக்கத்தில் தெரியும்.

கடைக்காரரிடம் ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள். மலிவான மெத்தை ஸ்பாஞ்ச் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோவைச் சற்றுத் தாண்டும். வண்டி இருக்கைக்கு 50 கிலோ அளவிலாவது வேண்டும். வெட்டுத்துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்யும் ரீபாண்டட் ஃபோம் 80, 100 கிலோ வரை போகும். நல்ல சீட்டில் அடியில் காஞ்சிபுரம் இட்லி, மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் குஷ்பு இட்லி. மெமரி ஃபோம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது சூட்டில் இளகும் பொருள். மே மாத வெயிலில் கருப்பு ரெக்சினுக்குக் கீழே அது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மெல்லிய மேலடுக்காக இருந்தால் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

இது எல்லாருக்கும் பொது. உயரமானவர்களுக்கு இதற்கு முன்னாலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த ஃபோமை மாற்றினாலும் பயன் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

சிக்கல் சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில் இருக்கிறது. நம் நாட்டு வண்டி பெரும்பாலும் நடுத்தர உயரத்துக்காரரை மனத்தில் வைத்து அளக்கப்படுகிறது. சிக்னலில் கால் தரையில் ஊன்ற வேண்டுமே! கிளாசிக் 350இன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர், இன்டர்செப்டர் 650க்கு 804. இடுப்பு மூட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் வண்டி ஒன்றைத் தோராயக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 165 சென்டிமீட்டர் ஆளுக்கு முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கும். 188 சென்டிமீட்டர் ஆளுக்கு அது 77 டிகிரியாகக் குறுகிவிடும். முழங்கால் மேலே தூக்கிக்கொள்ள, தொடை சீட்டை விட்டு எழும்பிவிடும். தொடை வாங்க வேண்டிய பாரமும் அந்த இரண்டு முனைகளுக்கே போகும். இடுப்பு பின்னால் சாயும், கீழ்முதுகு வளையும். கட்டைவிரலை இன்னும் பலமாக அழுத்துகிறோம், இட்லியைக் குறை சொல்கிறோம்.

ஆகவே முதலில் உயரம். அதே கணக்கில் சீட்டை 3 சென்டிமீட்டர் ஏற்றினால் முழங்கால் 4, 5 டிகிரி விரியும். சின்ன எண்தான், ஆனால் தொடை மறுபடி சீட்டில் படிய அது பெரிய உதவி. சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில் தயாராகும் ஹிமாலயன் 450இல் சீட்டை 825லிருந்து 845 மில்லிமீட்டருக்கு ஏற்ற வசதி உண்டு. ஆறடிக்காரர் அந்த வண்டி வாங்கினால் ஷோரூமிலேயே மேல் நிலையில் மாட்டச் சொல்ல வேண்டும். மற்ற வண்டிகளுக்கு ஃபோம் கடைதான் வழி. வெட்டுவதற்கு முன், கெட்டியான ஃபோம் பலகை ஒன்றைச் சீட்டின் மேல் நகராதபடி இறுக்கிக் கட்டி, பூஞ்சேரியிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரை மெதுவாக ஒரு முறை போய்வந்து பாருங்கள். எவ்வளவு ஏற்றலாம் என்பதை முழங்கால் சொல்லிவிடும்.

சீட் ஏறினால் கைப்பிடி தாழ்ந்ததாகிவிடும், அதனால் ஹேண்டில்பார் ரைசரும் தேவைப்படலாம். அதைப் போட்டால் இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லையே என்று பார்ப்பது கட்டாயம். கண்ணாடித் தடுப்பு இருக்கும் வண்டியில் காற்று இப்போது ஹெல்மெட்டில் வேறு இடத்தில் மோதும்.

அடுத்தது வடிவம். பல சீட்டுகள் டேங்க் பக்கம் சரிகின்றன. பின்னால் படி போல ஒரு மேடு. நீண்ட தொடைக்காரருக்குப் பின்னால் நகர இடம் வேண்டும், மேடு அதைத் தடுக்கிறது. ஃபோமைச் செதுக்கும்போது அந்த மேட்டை ஓரிரு அங்குலம் பின்னுக்குத் தள்ளி, முன்சரிவைத் தட்டையாக்கி, தொடை படியும் இடத்தில் அகலம் கூட்டச் சொல்லுங்கள். அடுக்குகளை ஒட்டும் பசை முனைகள் படும் இடத்தில் வேண்டாம். அது காய்ந்து கட்டியாக நெருடும்.

கடைசியில் சாம்பார் இட்லிப் பிரச்சினை. ஃபோமின் குமிழ்கள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால்தான் அது அமுங்கி எழுகிறது. அதே காரணத்தால் தண்ணீரையும் உறிஞ்சுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரெக்சினின் தையல் ஓட்டை வழியாக இறங்கும் நீர் நாள்கணக்கில் காயாது. உட்காரும் இடத்தில் தையல் வராமல் கவர் வெட்டச் சொல்ல வேண்டும். ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. கடலோரத்தில் ஓட்டுபவர்கள் கவரை இழுத்து அடிக்கும் பின்கள் துருப்பிடிக்காதவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய சீட்டோடு மரக்காணம் வரைக்கும் போய்விட்டு, வலி எங்கே நகர்ந்தது என்று கவனியுங்கள். இரண்டு முனைகளில் மட்டும் வலித்தால் ஃபோம் இன்னும் இளசு. வாலெலும்பும் கீழ்முதுகும் வலித்தால் உயரம் போதவில்லை. மணிக்கட்டு வலித்தால் கைப்பிடி தாழ்வு. டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருந்தால் முன்சரிவை இன்னும் செதுக்க வேண்டும். முதல் முறையிலேயே அமைந்துவிடுவது அபூர்வம் என்பதால், மறுபடி பிரித்துச் சரிசெய்து தருவாரா என்பதைக் கடைக்காரரிடம் வேலை கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.